ஒளி ஆளுகளைத் தேடிக் கம்பம் வரை

“இங்கிலீசு படிச்சு யாருகிட்ட ஆத்தா பேசப் போற? அணையக் கட்டிக் குடுத்த வெள்ளக்காரனே எப்பவோ போய்ச் சேந்துட்டான்.”

நான் பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்த அன்று என் தாய்மாமா கேட்ட கேள்வி இது. ஜெயமங்கலத்தில் எங்கள் தெருவே கூடிச் சிரித்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை, கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். ஆனால் அன்று மாமாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பதில் இந்த மாசி மாதம் நார்வேயிலிருந்து வந்தது.

வந்தவர் பெயர் சிக்ரிட். ஆறடி உயரம், வெள்ளைத் தலைமுடி, வெயிலில் தக்காளியாகிவிடும் முகம். கப்பல்களில் ரேடார் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியை மூலம் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார். எம்.ஏ. முடித்து டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டு இருந்த நான் லீவு சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய் அவரைச் சந்தித்தேன். காபி ஆறுவதற்குள் தன் கொள்கையைச் சொல்லி முடித்துவிட்டார்.

“பறக்கும் தட்டில் வருகிறவர்கள் வேறு கிரகத்துக்காரர்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு வர வேண்டும்? அவர்கள் இங்கேயேதான் இருக்கிறார்கள். மலைக்குள், கடலுக்கு அடியில், ஒளி வடிவத்தில். நமக்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். நம்மைப் பார்த்துப் பயந்து மறைந்து வாழ்கிறார்கள்.”

அவர் ஊரில் மலைக்குள் மறைந்து வாழும் மக்களைப் பற்றிய பேச்சு காலங்காலமாக உண்டாம். அவர்கள் மாடுகூட வளர்ப்பார்களாம். பாலை யாருக்கு ஊற்றுவார்கள் என்று கேட்டேன். இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி என்று சொல்லி அதையும் ரெக்கார்டரில் பதிந்துகொண்டார். சுற்றிலும் மலை, அந்த மலையைக் குடைந்து வருகிற தண்ணீர், மலைமேல் வெளிச்சம் பார்த்ததாக யாரோ எழுதிய குறிப்பு. இவ்வளவு போதும் அவருக்கு, கம்பம் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டு வர.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “கூட்டாதே, குறைக்காதே. இதுவரை எனக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாம் நான் கேட்க விரும்பியதையே சொன்னார்கள். அடுத்து இலங்கை மலைநாட்டுக்குப் போகிறேன். அங்கேயும் தமிழ் வேண்டும். நீ சரியாகச் செய்தால் உன்னைத்தான் அழைத்துப் போவேன்.”

நான் அதுவரை மதுரையைத் தாண்டியதில்லை. காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி, ஒரு சொல்லைக்கூட விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாள் வைகை அணை. தண்ணீருக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன் வறுவல் வாசனையில் சிக்ரிட் வந்த வேலையை மறந்துவிட்டார். அவர் ஊரில் மீனுக்கு உப்பும் வெண்ணெயும்தானாம். இங்கே மிளகாய்ப் பொடியில் குளித்த மீனை முள்ளோடு கடித்து, கண்ணில் தண்ணீர் வழிய இன்னொரு துண்டு கேட்டார். பிறகு வறுத்துக் கொடுத்த அக்காவிடமே கேள்வியைப் போட்டார்.

அக்கா கரண்டியை நிறுத்தாமல் சொன்னார். “தண்ணிக்கு அடியில ஆளு இருந்தா இம்புட்டு மீனு நமக்கு மிஞ்சுமா?”

மொழிபெயர்த்தேன். சிக்ரிட் யோசித்து, அவர்கள் சைவமாக இருக்கலாம் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

“அப்ப அவுக நம்ம ஊரு ஆளுக இல்ல” என்று அக்கா பேச்சை முடித்துவிட்டார்.

இருட்டும் நேரத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் மின்னின. பக்கத்தில் நின்ற குடும்பம் ஆர்வமாகக் கைகாட்டியது. சிக்ரிட் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காற்றாலை என்று சொல்லிவிட்டார். அவர் எதையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இனிமேல் எனக்கும் வேலை கடினம் என்று புரிந்தது.

மறுநாள் மேகமலை. சின்னமனூரில் இட்லியை முடித்துக்கொண்டு ஜீப் ஏறினோம். ஓட்டுநர் முருகேசன் அண்ணன், வாயும் ஸ்டியரிங்கும் ஒரே வேகத்தில் போகிறவர். சிக்ரிட் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

“சிகரெட்டம்மாவ முன்னாடி உக்காரச் சொல்லுங்க டீச்சரம்மா. காலு நீளம், பின்னாடி மடங்காது.”

என்ன சொன்னார் என்று சிக்ரிட் என்னைப் பார்த்தார். கூட்டாதே, குறைக்காதே. சொன்னேன். முதல் கொண்டை ஊசி வளைவு வரை சிரித்துக்கொண்டே வந்தார். முப்பது வருடம் கப்பலில் புகைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் புத்தி சொன்னவராம் அவர்.

பாதி மலையில் ஜீப் கொதித்து நின்றது. ரேடியேட்டருக்குள் சிக்ரிட்டின் குடிநீர் பாட்டில்கள் எல்லாம் போயின. மூடுபனி இறங்கித் தேயிலைச் செடிகளை மறைத்தது. ஆறட்டும் என்று நின்றபோது, பனிக்குள் கருப்பாக என்னவோ அசைந்தது. ஒன்று, பிறகு கூட்டமாக. காட்டுமாடுகள். கால்களுக்கு வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல வரிசையாக மேலேறிப் பனிக்குள் மறைந்தன.

“மாடுகள்” என்று சிக்ரிட் என் தோளைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். “நான் சொன்னேன் அல்லவா?”

“பால்காரரை மட்டும் காணோம்” என்றேன்.

மேகமலையில் எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் ஜீப் ஆறும் நேரத்தில் முருகேசன் அண்ணன் ஒரு சேதி சொன்னார். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் ஒரு ராவுத்தரின் திராட்சைத் தோட்டம். பத்து நாளாக அங்கே கிணற்றுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறதாம். ஜீப் ஸ்டாண்டில் இதுதான் பேச்சாம். பூமிக்கு அடியிலிருந்து வெளிச்சம் என்று நான் மொழிபெயர்த்ததும் சிக்ரிட் ஜீப்பைத் திருப்பச் சொன்னார். அது இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் விடியும் முன்பே கம்பத்தில் இருந்தோம். மேற்கே கறுத்து நின்ற மலையில் விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி, உச்சியில் ஒவ்வொன்றாக அணைந்தன. சிக்ரிட் ரெக்கார்டரை எடுத்துவிட்டார். கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்களின் ஜீப்புகள் அவை என்று முருகேசன் அண்ணன் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். தினமும் ஒரு ஊரே மலைக்குள் போய்வருகிறதே, அவர்களைப் பற்றி யாராவது எழுதுகிறார்களா என்று சிக்ரிட் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

திராட்சைப் பந்தல் என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. சிக்ரிட் குனிந்தே நடந்தார். அப்படியும் குலைகள் அவர் நெற்றியில் முட்டின. ராவுத்தர் கைலியும் பனியனுமாக எதிரே வந்தார். என் கண்ணாடியையும் தோள்பையையும் பார்த்துவிட்டு, எங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்ததாகச் சொல்லிக் கட்டில் போட்டார். ஒரு தட்டு நிறையப் பன்னீர்த் திராட்சை வந்தது. முருகேசன் அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒளி வடிவ மனிதர்களைப் பற்றிக் கேள் என்றார் சிக்ரிட். வெளிச்சம் என்றே நான் சொல்லியிருக்கலாம். முதுகலை முடித்தவள் அல்லவா, நல்ல தமிழ்ச் சொல்தான் நாக்கில் வந்து நின்றது. அதோடு ஊர்ப் பேச்சையும் கலந்தேன்.

“அய்யா, இங்கன ஒளி ஆளுக இருக்காகன்னு கேள்விப்பட்டோம். அவுகளுக்காகத்தான் இந்தம்மா வந்திருக்காக.”

ராவுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இருக்காக. ரெண்டு பேரு. பத்து நாளாச்சு.”

சிக்ரிட்டின் கையில் இருந்த திராட்சை வாய்க்குப் போகவில்லை. எங்கே என்று கேட்டார்.

“கெணத்துக்குள்ள. பாதி ஆழத்துல மோட்டார் ரூம் இருக்கு. பகல்ல வெளிய தலை காட்ட மாட்டாக. பயம்.”

“யாரைப் பார்த்து?”

“மனுசங்களப் பாத்துத்தான்.”

சிக்ரிட் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருடமாக அவர் சொல்லி வந்ததை, கம்பத்துத் திராட்சை விவசாயி ஒருவர் அச்சுப் பிசகாமல் சொல்லிக்கொண்டு இருந்தார். என்ன சாப்பிடுவார்கள் என்ற கேள்வி அடுத்து வந்தது. நேற்று பரோட்டா கொடுத்தாராம், ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், இன்று ரசஞ்சோறாம். “பரோட்டா” என்று சிக்ரிட் ரெக்கார்டருக்குப் பக்தியோடு சொன்னார். எனக்கு லேசாக என்னவோ உறுத்தியது. பூமிக்கு அடியில் வாழ்ந்தாலும் பரோட்டா எல்லாருக்கும் செரிக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

“நம் மொழி பேசுவார்களா?”

“ஏன் பேசாம? அந்தப் பய நாலு வருசமா என் தோட்டத்துக்குத்தான் மருந்தடிக்கிறான்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் சொன்னது வெளிச்சம். அவர் காதில் விழுந்தது ஒளிஞ்சிருக்கிறது. சிக்ரிட்டின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு மலர்ச்சியை நான் யார் முகத்திலும் கண்டதில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட்டால் அவருக்கு அவருடைய சான்று கிடைத்துவிடும், எனக்கு இலங்கை கிடைத்துவிடும். ராவுத்தர் ஒன்றும் ஆங்கிலம் படித்தவர் இல்லை. கேட்க ஆளே கிடையாது.

“இவர் தோட்டத்தில் நான்கு வருடமாகப் பூச்சிமருந்து அடிக்கிறானாம்” என்றேன்.

“யார், ஒளி மனிதனா?”

“இல்லை. ஒளிந்த மனிதன்.”

இரண்டுக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல் என்பதையும், தவறான இடத்தில் அதைப் போட்டது நான்தான் என்பதையும் விளக்கினேன். சிக்ரிட் சிரிக்கவில்லை. ரெக்கார்டரை நிறுத்தினார். பதிந்ததை அழித்தார். பிறகு மெதுவாக, யாரிடமிருந்து ஒளிகிறார்கள் என்று கேட்டார்.

அதற்குள் ராவுத்தர் எழுந்துவிட்டார். “அப்ப நீங்க மதுரை வக்கீலம்மா அனுப்புன ஆளு இல்லையா?” கிணற்றுக்குப் போகும் வழியை மறித்து நின்றார்.

விஷயம் இதுதான். மருந்தடிக்கிற செல்வமும் பவித்ரா என்ற பெண்ணும் பொங்கல் முடிந்ததும் கோவிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். இருவரும் மேஜர். சாதி வேறு. பவித்ராவின் அண்ணன்கள் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடுகிறார்கள். மதுரையில் ஒரு பெண் வக்கீல் உதவுவதாகச் சொல்லி, அழைத்துப் போக ஆள் அனுப்புவதாக இருந்தார். அந்த ஆள்தான் நான் என்று ராவுத்தர் நினைத்துவிட்டார். கிணற்று வெளிச்சம் பவித்ராவின் போன் டார்ச். அவளுக்குப் பாம்பு என்றால் பயமாம்.

“ஜீப் ஸ்டாண்டுக்குத் தெரிஞ்சது அவுகளுக்குத் தெரிய எம்புட்டு நேரம் ஆகும்?” என்றார் முருகேசன் அண்ணன்.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். சிக்ரிட் கேட்டது ஒன்றுதான். ஜீப்பில் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது?

ராவுத்தர் உடனே சம்மதிக்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டார். அவர் என்னை அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்து, சிக்ரிட்டிடமும் ஆங்கிலத்தில் பேசிய பிறகே சரி என்றார். கிணற்றுப் படியில் ஏறி வந்த பவித்ராவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். வெயிலுக்குக் கண் கூசி நின்றாள். சிக்ரிட் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார்.

“அக்கா, இவுக எந்த ஊரு வக்கீலு?” என்று என் காதில் கேட்டாள்.

செல்வமும் பவித்ராவும் ஜீப்பின் பின்பக்கம் படுதாவுக்குள், சிக்ரிட்டின் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். உத்தமபாளையம் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அதற்கு மேல் போகவில்லை. டீக்கடை ஒன்றின் எதிரே டயர் பஞ்சர்.

முருகேசன் அண்ணன் ஜாக்கியைப் போட்டுக்கொண்டு இருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் ஜீப்பையே பார்த்தார். அண்ணன் சக்கரத்திடம் பேசுவதுபோல் முணுமுணுத்தார். “டீச்சரம்மா, அந்தப் புள்ளையோட மூத்த அண்ணன்.”

சிக்ரிட்டிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. வந்தவர் படுதாவைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பதற்குள், சிக்ரிட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். இந்தப் பக்கத்தில் புதிதாக யாரைக் கண்டாலும் அவர் விட மாட்டார். மலைமேல் வெளிச்சம் பார்த்ததுண்டா என்று ஆரம்பித்து, கடல், மலை, மறைந்து வாழும் மக்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். நான் விடாமல் மொழிபெயர்த்தேன். மூச்சு விடும் இடத்தைக்கூட விடவில்லை.

முதலில் பவித்ராவின் அண்ணன் இளித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “இந்தம்மா சொல்றத எல்லாம் நீ சொல்லித்தான் ஆகணுமா தங்கச்சி?”

“ஒரு வார்த்தை விட மாட்டேன் அண்ணே. அதுதான் என் வேலை.”

ஆனால் கேட்கக் கேட்க மனிதருக்கு ருசி தட்டிவிட்டது. எங்களுக்கு டீ சொன்னார். நிஜமாகவே அப்படி ஆட்கள் இருக்கிறார்களா, எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரே கேட்க ஆரம்பித்தார். அதில் உள்ள சிரமங்களை சிக்ரிட் விவரித்தார். அண்ணன்காரர் டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்.

“ஒளிஞ்சிருக்கிறவுகளக் கண்டுபிடிக்கிறது லேசு இல்லைன்னு சொல்லு. நாங்களும் பொங்கலுக்குப் பெறகு தேடிக்கிட்டுதான் இருக்கோம்.”

சொன்னேன். அவரும் ஒரு ஆராய்ச்சியாளர் என்று சிக்ரிட் முடிவு செய்துவிட்டார் போல. ரொம்ப அக்கறையாகப் பதில் சொன்னார். “தேடுவதை நிறுத்திவிடச் சொல். பயம் போனால் அவர்களாக வெளியே வருவார்கள். பயமுறுத்துகிறவர்களுக்கு அவர்கள் முகம் காட்டியதே இல்லை.”

இதைத் தமிழில் சொல்லும்போது நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், அது மட்டும்தான் என் சேர்க்கை.

அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு இருந்தார். “எங்காத்தா சோறு தண்ணியில்லாம கெடக்கு” என்றார், யாரிடமும் இல்லாமல். படுதாவுக்கும் எங்களுக்கும் நடுவே நாலடி தூரம்தான். டயர் மாட்டி முடித்ததும் எங்களுக்குக் கைகூட அசைத்தார்.

அவர் யார் என்று சின்னமனூர் தாண்டிச் சொன்னேன். சிக்ரிட் தேனி வரை படுதாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்பக்கம் பவித்ரா அழுதுகொண்டு வந்தாள். தேனியில் ஜீப் நின்றபோது சிக்ரிட் ஒருமுறை “பரோட்டா” என்றார். அடுத்த நொடி நாங்கள் ஐந்து பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அழுதவளும்தான்.

மதுரையில் இருவரையும் வக்கீலிடம் சேர்த்தோம். பவித்ரா முதலில் செய்தது, வக்கீலின் போனிலிருந்து தன் அம்மாவைக் கூப்பிட்டது. சாப்பிடச் சொன்னாள், திட்டு வாங்கினாள், மறுபடியும் சாப்பிடச் சொன்னாள். தொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது சிக்ரிட் அதை மீண்டும் அவள் தலையிலேயே கவிழ்த்துவிட்டார்.

கடைசி நாள் தேனியில், சால்னாவில் விரல் நனைய உட்கார்ந்து சிக்ரிட் தீர்ப்புச் சொன்னார். “என் கண்ணெதிரே என் சான்றைக் கெடுத்த முதல் மொழிபெயர்ப்பாளர் நீ. இலங்கைக்கு நீதான் வருகிறாய்.”

அவர் நம்பிக்கை ஒரு துளியும் குறையவில்லை. வெளிச்சத்துக்கும் ஒளிந்திருப்பதற்கும் ஒரே சொல் வைத்த மக்கள் விவரம் தெரியாமலா வைத்திருப்பார்கள் என்று என்னையே மடக்கினார். அது தற்செயலாக இருக்கலாம் என்றேன். ஏற்கவில்லை. மலைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று என்னைக் கேட்டால் தெரியாது என்பேன். இருந்தால், அவர்கள் ஒளிந்திருக்க நியாயமான காரணம் இருக்கும் என்று மட்டும் இப்போது நம்புகிறேன்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் ஜெயமங்கலம் வந்தார். மாமா வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்தார். இந்தப் பெண் வெளிநாட்டில் போய் என்ன செய்யப் போகிறது என்று ஏட்டு அவரைத்தான் கேட்டார்.

மாமா வாளியைக் கீழே வைத்தார். “பேசப் போகுது சார்.”

பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. இலங்கை மலைநாட்டில் ஒரு பள்ளி ஆசிரியையைத் தேடிப் பிடித்துப் போனில் பேசியும் விட்டேன். ராத்திரி விளக்கு எரிந்தால் உங்கள் ஊரில் அதை என்ன சொல்வீர்கள் என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

வெளிச்சம் என்றுதான் சொல்வார்களாம்.